ராகு காலத்தில் வரும் இன்ஸ்பெக்டர்

கியூர்பிப்பில் ஒரு நாள் முழுக்க வெயில் அடித்தால் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்வார்கள். மொரீஷியஸ் என்றால் கடலும் மணலும் கரும்பும்தான் என்று நினைத்துக் கப்பலேறியவள் நான். என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ தீவின் நடுமேட்டில், மேகம் வாசற்படி வரை இறங்கி வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில். அங்கே ஆடி மாதம்தான் கடுங்குளிர். ஆடியில் இரண்டு கம்பளி போர்த்துக்கொண்டு படுக்கிறேன் என்று அம்மாவுக்கு எழுதினால், பெண்ணுக்கு ஏதோ காய்ச்சல் என்று பயந்துவிடுவாள். அதனால் எழுதாமலே விட்டுவிட்டேன்.

என் கணவர் அந்தத் தீவிலேயே பிறந்தவர். மெட்ராஸில் படிக்க வந்தபோது என் பெரியப்பா வீட்டு மாடியில் குடியிருந்தார். அப்படிக் கூடிவந்த கல்யாணம் எங்களுடையது. பிளேன் மாக்னியன் விமான நிலையத்தில், வானிலை அலுவலகத்தில் அவருக்கு வேலை. விமானங்களுக்கு மேகம் பார்த்துச் சொல்வார். கொடியில் துணி போடலாமா என்று நான் கேட்டால் மட்டும் பதில் வராது. விடிவதற்கு முன் குளித்துவிட்டு அவர் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்காக அவருக்கு முன்னால் வெந்நீர் தயாராக வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்துவிடுவார் என் மாமியார். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன்.

வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட குளியலறை. அதன் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு செம்பு உருளை நிற்கும். அடியில் விறகு எரிக்க ஒரு வாய். மேலே சுவரைத் துளைத்து வெளியே போகும் தகரப் புகைக்குழாய். நம் ஊர் வீடுகளில் பாய்லர் என்று ஒன்று இருக்குமே, அதற்கு அண்ணன் மாதிரி இருக்கும். அதை சோஃபோ என்பார்கள். வெந்நீர் போடும் சாமானுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப்போன பெயராம். அத்தை விறகை அடுக்கி, தீ மூட்டி, ஒரு நீண்ட இரும்புக் கம்பியால் தணலைக் கிளறிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பார். நீர் கொதித்ததும் ஒரு வாளி என் அறை வாசலுக்கு வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்.

"ராகு கிலேர்?"

கிலேர் என்றால் கிரியோலில் எத்தனை மணிக்கு என்று பொருள். அத்தை பேசியதெல்லாம் கிரியோல். தமிழில் அவருக்குத் தெரிந்தவை கோயில் சொற்களும் உறவுச் சொற்களும்தான்: பூசை, விபூதி, தீட்டு, அண்ணன், மருமகள், நல்ல நேரம், ராகு காலம். எனக்கோ வந்த புதிதில் கிரியோலில் ஒரு சொல்லும் தெரியாது. ஆக, ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு பெண்களுக்குப் பொதுவாக இருந்தவை இந்தக் கைப்பிடிச் சொற்கள்தான். அவற்றில் தினமும் புழங்கியது ராகு.

இதற்குக் காரணம் என் அண்ணன். நான் புறப்படும்போது, முருகன் படம் அழகாக இருக்கிறதே என்று ஒரு தினசரி நாட்காட்டியைப் பெட்டியில் செருகிவிட்டான். அத்தை படத்தைக் கண்டதும் கண்ணில் ஒற்றிக்கொண்டு பூசை அறையில் மாட்டினார். படத்தின் கீழே பொடி எழுத்தில் நல்ல நேரமும் ராகு காலமும் அச்சாகியிருந்தன. அவருக்குத் தமிழ் படிக்க வராது, மருமகள் படிப்பாள். அவ்வளவுதான், அந்த வீட்டுக்கு நான் பஞ்சாங்கம் ஆகிவிட்டேன். வருஷம் திரும்பியதும் அண்ணன் தபாலில் புது நாட்காட்டியும் அனுப்பினான். இந்தியாவிலிருந்து வந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது அத்தையின் நம்பிக்கை.

உண்மையில் என் பிறந்த வீட்டில் ராகு காலம் பார்த்தவர்கள் யாருமில்லை. பார்த்திருந்தால் அப்பாவின் வேலை போயிருக்கும். அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். திருச்சிக்குப் போகும் பாசஞ்சர் வெள்ளிக்கிழமையும் பதினொரு மணிக்குத்தான் எங்கள் ஸ்டேஷனுக்கு வரும். நட்ட நடு ராகு காலத்தில் அப்பா பச்சைக் கொடி காட்டுவார். வண்டி ஒழுங்காகப் போய்ச் சேரும். எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்பதால், 'ஸ்டேஷன் மணி' என்று வீட்டில் எனக்குப் பட்டப்பெயர். இந்த மணிதான் கியூர்பிப்பில் தினமும் ராகு காலம் அறிவித்துக்கொண்டிருந்தது.

நான் வருவதற்கு முன்னால் அடித்த ஒரு பெரும் புயலில் சோஃபோவின் புகைக்குழாய் வளைந்துபோயிருந்தது. தகரம் தட்டுகிறவர் வந்து மூன்று தடவை ஒட்டுப்போட்டும் பயனில்லை. காற்றும் மழையும் சேர்ந்தால் புகை வெளியே போகாமல் உள்ளேயே திரும்பும். கியூர்பிப்பில் காற்றும் மழையும் சேராத நாள் எது? அத்தைக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு மாலையிலும். என் இரண்டாவது குளிர்காலம் தொடங்கியபோது, அத்தை வீட்டில் எங்கே இருக்கிறார் என்பதை இருமலை வைத்தே சொல்லிவிடலாம் என்றாகிவிட்டது. நான் தீ மூட்டுகிறேன் என்று சண்டை போட்டுப் பார்த்தேன். ஒரு நாள் விட்டுக்கொடுத்தார். நான் மூட்டிய தீயில் புகைதான் வந்ததே தவிர நீர் சுடவில்லை. மறுநாள் நான் எழுந்தபோது அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வைகாசியில் ஒரு காலை வாளியும் வரவில்லை, கேள்வியும் வரவில்லை. போய்ப் பார்த்தால் அத்தை குளியலறைப் படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாய் திறந்திருக்கிறது, பேச்சு வரவில்லை. மூச்சு உள்ளே போகிற சத்தம் மட்டும் கிறீச்சென்று கேட்கிறது. டாக்டர் வந்து ஊசி போட்டார். போகும்போது என் கணவரைத் தனியே அழைத்து, "இன்னொரு குளிர்காலம் இந்தப் புகையில் போனால் அம்மாவின் மூச்சுக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் அந்த வாரமே மின்சார சோஃபோ ஒன்றைக் கடையில் பார்த்துச் சொல்லிவைத்துவிட்டார். வெள்ளை வெளேர் என்று சுவரில் தொங்கும், பொத்தானை அழுத்தினால் போதும் என்றார். ஆனால் வீடு மரவீடு, மின்கம்பிகளும் பழையவை. அத்தனை பெரிய சாமானை மாட்டுவதானால் நகர அலுவலகத்தின் பெர்மி, அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும். பெர்மி வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து பழையதையும் கம்பிகளையும் பார்க்க வேண்டும். வீட்டின் சொந்தக்காரர் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை பழையதில் ஓர் ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது. மாமனார் காலமான பிறகு வீடு அத்தையின் பெயரில் இருந்தது.

"ஒரு கையெழுத்துதானே?" என்றேன்.

"ஒரு கையெழுத்துதான்" என்றார் என் கணவர். மேகம் பார்த்துச் சொல்கிறவரின் வாக்கு எப்படிப் பலிக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

தீவுக்குச் சுதந்திரம் வருமா, வந்தால் நல்லதா என்று பஸ்ஸிலும் சந்தையிலும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் வீட்டில் மட்டும் பெர்மி வருமா என்பதுதான் பேச்சு. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கிழமையில் வருவாராம். எங்கள் தெருவுக்கு வெள்ளி. சந்தை முனையிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்து, தெருக்கோடியில் இருக்கும் எங்கள் வீட்டை அடையும்போது மணி பதினொன்று ஆகும். பன்னிரண்டு மணிக்கு அவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. இது தமிழ் படித்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குத்தான் அன்று உறைக்கவில்லை.

முதல் வெள்ளி அவர் வந்தார். உயரமான, ஒல்லியான கிரியோல் மனிதர். மழைக்கோட்டு, தொப்பி, கையில் ஒரு நீளக் குடை. வாசலிலேயே குடையை உதறி, காலணியைத் துடைத்துத் துடைத்து உள்ளே வந்த விதத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கம்பிகளைப் பார்த்தார், ஏதோ குறித்துக்கொண்டார். காகிதத்தை மேசைமேல் வைத்து அத்தையிடம் பேனாவை நீட்டினார்.

அத்தை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "டீ குடிங்க, மிஸ்யே" என்று கிரியோலில் சொல்லிவிட்டுப் பூசை அறைக்குள் போய்விட்டார்.

நான் டீயும் மிளகாய் வடையும் கொண்டுவந்து வைத்தேன். அவர் சாப்பிட்டார். அத்தை வரவில்லை. இன்னும் இரண்டு வடை வைத்தேன். அதையும் சாப்பிட்டார். நான் உள்ளே போனால், அத்தை முருகன் படத்துக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்.

"ராகு" என்றார் மெதுவாக. "முடியட்டும்."

"கையெழுத்துதானே, அத்தை?"

"கையெழுத்துதானே தொடக்கம்?"

கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துவிட்டு இன்ஸ்பெக்டர் எழுந்தார். மதாமுக்கு இன்று முடியவில்லை போலிருக்கிறது, அடுத்த வெள்ளி வருகிறேன் என்றார்.

அடுத்த வெள்ளியும் இதே கதை. வடைக்குப் பதில் அன்று கேசரி. இந்த முறை நான் விஷயத்தை உடைத்துச் சொன்னேன். என் கிரியோல் அதற்குள் அரைக்கிணறு தாண்டியிருந்தது. எங்கள் வழக்கத்தில் இந்த நேரத்தில் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள் என்று ஒருவழியாகப் புரியவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"என் அம்மா வெள்ளிக்கிழமையில் ஊசியில் நூல் கோக்க மாட்டார்" என்றார். "நான் அவரோடு வாதாடியதில்லை. ஆனால் ஆபீசில் அப்படி ஒரு விதி இல்லையே. அடுத்த வெள்ளி மூன்றாவது தடவை. அதிலும் கையெழுத்து இல்லையென்றால் மனுவை மூடிவிடுவார்கள். மறுபடி போட்டால் குளிர் முடிந்துதான் முறை வரும்."

கிழமையை மாற்றக் கேட்டு என் கணவர் அலுவலகத்துக்குப் போய் வந்தார். ஒரு தெருவுக்காக முறையை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அன்று மாலை நான் வெடித்துவிட்டேன். தமிழில், வேகமாக, அத்தைக்குப் புரியாது என்ற தைரியத்தில். டாக்டர் சொன்னது காதில் விழவில்லையா, நாட்காட்டி பெரிதா மூச்சு பெரிதா, எங்கள் ஊர் ரயிலெல்லாம் கவிழ்ந்தா போயிற்று என்று நாட்காட்டியைக் கைநீட்டிக் காட்டிக் கத்தினேன். அத்தை நான் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிரியோலில் நிதானமாகக் கேட்டார்.

"நீதானே தினமும் வாசிச்சுச் சொல்றே?"

அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னதை இன்றும் நான் மறக்கவில்லை.

"இந்த சோஃபோவை உன் மாமனார் ஒரு வெள்ளிக்கிழமைதான் வாங்கிட்டு வந்தார். பதினொரு மணிக்குப் பத்தவெச்சார். வேண்டாம், ராகுன்னேன். சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே பத்தவெச்சார். அந்த வருஷம் முடியறதுக்குள்ள போயிட்டார். ராகுதான் காரணம்னு நான் சொல்லலை, மோ திஃபி. எனக்குத் தெரியாது. ஆனா இப்போ இந்த வீட்டுல இருக்கிற ஆம்பளை என் பிள்ளை."

மோ திஃபி என்றால் என் பெண்ணே. என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பேசி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கை தடவியதே தவிர மனம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தன் மூச்சைக் கொடுத்து என் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். இவரிடம் நான் எதைச் சொல்லி வாதாடுவது? கோபம் போன இடம் தெரியவில்லை. பயம்தான் வந்தது.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த இளம் ஐயர் அங்கே இருந்தார். கியூர்பிப் குளிரில் வேட்டிக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அர்ச்சனை செய்வார். வாய் நிறையத் தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் முதலில் கொஞ்ச நேரம் குளிரைத் திட்டினோம். பிறகு விஷயத்தைச் சொன்னேன். நாட்காட்டியில் இருப்பது இந்திய நேரம், இங்கே கடிகாரம் பின்னால் ஓடுகிறது, அப்படியானால் இங்கே ராகு காலம் முன்னாடியே முடிந்துவிடாதா என்று ஆசையோடு கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். முகம் வாடியது.

"அது கடிகாரக் கணக்கு இல்லையேம்மா, சூரிய உதயக் கணக்கு. இங்கே இப்போ ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாலதான் விடியுது. அப்படிப் பார்த்தா பத்தே முக்காலுக்கு மேலதான் ராகு ஆரம்பிக்குது. முடியறப்போ பன்னிரண்டேகால் ஆயிடும்."

"இதை அத்தைகிட்ட சொல்லிடாதீங்க, சாமி. புண்ணியமாப் போகும்."

அவருக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிரசாதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "ஆரம்பிக்கிறதுதாம்மா கூடாது" என்றார். "ஏற்கெனவே நடந்துக்கிட்டிருக்கிற காரியத்தை ராகு என்ன பண்ணும்? நம்ம அபிஷேகத்தையே பாதியில நிறுத்துறோமா என்ன?"

தூறலில் நடந்து வரும்போது இந்த வார்த்தை மனதில் உருண்டுகொண்டே வந்தது. வீட்டுக்குப் பக்கத்துச் சீனர் மளிகைக் கடை முனை திரும்பும்போது அப்பாவின் ஸ்டேஷன் அறை கண்முன்னே வந்து நின்றது. அறை மூலையில், சிக்னல் விளக்குகளுக்குப் பக்கத்தில், எப்போது பார்த்தாலும் இரண்டு மூன்று மஞ்சள் துணி மூட்டைகள் இருக்கும். யாருடையவை என்று ஒருநாள் கேட்டேன். பரஸ்தானம் என்றார் அப்பா. வெள்ளிக்கிழமை பாசஞ்சரில் ஏற வேண்டியவர்கள், ராகு காலத்தில் வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாதே என்று, முன்னதாகவே ஒரு நல்ல நேரத்தில் ஒரு வேட்டியையோ தேங்காயையோ மூட்டை கட்டி ஸ்டேஷனில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மூட்டை புறப்பட்டால் ஆள் புறப்பட்ட மாதிரி. பிறகு வண்டி எந்த நேரத்தில் வந்தாலும் கவலையில்லாமல் ஏறிக்கொள்ளலாம். ரயிலை நிறுத்தவும் முடியாது, ராகுவை நகர்த்தவும் முடியாது என்றான பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி அது.

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். பிறகு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னேன். தெரிந்த கிரியோல் போதவில்லை. ரயில் மாதிரி ஊதிக் காட்டி, துண்டை மூட்டையாகக் கட்டிக் காட்டி, எப்படியோ சொல்லி முடித்தேன். அத்தை கண்கொட்டாமல் கேட்டார்.

"உங்க ஊருல நிஜமாவே செய்வாங்களா?"

"எங்க அப்பா ரூமிலேயே வெச்சிருப்பாங்க, அத்தை. என் கண்ணால பார்த்திருக்கேன்."

"பரஸ்தானம்" என்று அத்தை சொல்லிப் பார்த்தார். நாக்கு பிரெஞ்சுப் பக்கம் வழுக்கியது. மறுபடி சொல்லிப் பார்த்தார். தன் கைப்பிடித் தமிழில் ஒரு புதுச் சொல் சேர்ந்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்து போய், குளியலறையிலிருந்து அந்தத் தணல் கிளறும் கம்பியை எடுத்து வந்தார். "சோஃபோவுக்குப் பதில் இது போகட்டும்" என்றார்.

மூன்றாம் வெள்ளி அதிகாலையில் அத்தை சோஃபோவுக்குத் தீ மூட்டவில்லை. சமையலறையில் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு தவலை நீர் சுடவைத்து என் கணவரைக் குளிக்க அனுப்பினோம். எண்ணெய் விலையைச் சொல்லி அத்தை அதுவரை சம்மதிக்காத ஏற்பாடு அது. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கு வம்பு என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். பிறகு அத்தை செம்பு உருளையைப் புளி போட்டுத் தேய்த்தார். சந்தனம், குங்குமம் வைத்து, தோட்டத்துச் செம்பருத்தியில் ஒரு சரம் கட்டிப் போட்டார். நாட்காட்டியில் ஒன்பதரைக்கு நல்ல நேரம். மஞ்சள் துணியில் சுற்றிய கம்பியை அத்தை பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொள்ள, நான் குடை பிடிக்க, இருவரும் சீனர் கடைக்குப் போனோம். சாயங்காலம் வரை இது இங்கே இருக்கட்டும் என்றார் அத்தை. கடைக்காரர் சுவரிலும் அவர்கள் பாஷையில் ஒரு சிவப்பு நாட்காட்டி தொங்கியது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அரிசி மூட்டைமேல் வைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வழக்கம்போல் மணி பதினொன்று. அத்தை வாசலிலேயே நின்று வரவேற்றார். நேராகக் குளியலறைக்கு அழைத்துப் போனோம். மாலையும் பொட்டுமாக நிற்கும் சோஃபோவைக் கண்டதும் மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். சிலுவைக் குறிகூடப் போட்டிருப்பார், கை பாதி வழியில் நின்றது.

"நல்லது. புகை எப்படித் திரும்புகிறது என்று நான் பார்த்து எழுத வேண்டும்" என்றார். "கொஞ்சம் பற்றவைக்க முடியுமா, மதாம்?"

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அத்தை தலையை அழுத்தமாக ஆட்டினார். "முடியாது, மிஸ்யே. அது புறப்பட்டாச்சு."

"எங்கே புறப்பட்டது?" அவர் எதிரே நிற்கும் உருளையைப் பார்த்தார்.

"சீனர் கடைக்கு" என்றேன் நான். வேறு என்ன சொல்ல? போன பரஸ்தானத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால் பயணமே ரத்து. கம்பி இல்லாமல் அந்தச் சோஃபோவில் தீ பிடிக்காது. பிடித்தாலும் அத்தை விடமாட்டார். மழை தகரத்தில் சடசடவென்று அடித்தது. எல்லாம் கைக்கு வந்து நழுவிப் போகிறது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை ஏதோ விளக்க வாயெடுத்தார். ஈரக்காற்று நெஞ்சில் பட்டதோ, பதற்றமோ, இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிற்கவில்லை. நான் முக்காலியை இழுத்துப்போட்டு உட்காரவைத்தேன். இருமல் அடங்கியதும், இன்ஸ்பெக்டர் குழாய் சுவரில் நுழையும் இடத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரல் கரிக்கட்டையாக வந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பற்றவைக்க வேண்டாம், மதாம்" என்றார். "பார்த்துவிட்டேன்."

காகிதத்தை அந்தக் குளியலறை ஜன்னல் விளிம்பிலேயே வைத்து எழுதினார். பேனாவை நீட்டினார். அத்தை என்னைப் பார்த்தார்.

"தொடங்கியாச்சு இல்லையா?"

"ஒன்பதரைக்கே தொடங்கியாச்சு, அத்தை. இது சும்மா நடுவுல வர்ற வேலை."

பிரெஞ்சு எழுத்தில், ராகு காலத்தின் நடுவில் என் மாமியார் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் அன்று டீ குடிக்கவில்லை. போகும்போது சீனர் கடையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

ஆனி முடிவதற்குள் பெர்மி வந்தது. அதுவரை அத்தை விடியுமுன் எழுந்து மண்ணெண்ணெய் அடுப்பிலேயே நீர் சுடவைத்தார்; புகை நின்றதில் இருமல் குறைந்து வந்தது, முழுக்க விடவில்லை. ஆடி பிறந்தால் அத்தை வீட்டுக்குள் புதுச் சாமான் எதையும் விடமாட்டார் என்பதால், அவசர அவசரமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து வெள்ளை சோஃபோவை மாட்டினார்கள். பழைய செம்பு உருளையில் அத்தை பிறகு கொத்தமல்லி விதைத்தார். கம்பியை வாங்க நாங்கள் போகவே இல்லை. சீனர் அதை வைத்துப் பெட்டிகளைப் பெயர்த்துத் திறந்துகொண்டிருந்தார். அந்த வருஷம் முடியும் வரை, மாலை பஸ் வரும் நேரத்துக்கு அத்தை வாசலில் போய் நிற்பார். என் கணவர் இறங்குவதைப் பார்த்ததும் ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்துவிடுவார். வருஷம் முடிந்தது. என் கணவர் கொஞ்சம் தொப்பை வைத்து நன்றாகவே இருந்தார்.

ஆனால் என் நெஞ்சில் நிற்பது சோஃபோ மாட்டிய மறுநாள், திங்கட்கிழமைக் காலை. என் கணவர் தானே பொத்தானை அழுத்தி, குளித்து, சீட்டியடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் மறுபடி கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம். வாசலில் வாளி இல்லை. கேள்வி இல்லை. வீட்டில் எங்கேயும் இருமல் இல்லை.

இரண்டு குளிர்காலமாக அந்த இருமலைக் கேட்டுத்தான் அவர் இருக்கிறார் என்று நான் அறிந்திருந்தேன். இப்போது அது கேட்கவில்லை என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. வெறுங்காலோடு ஓடினேன். போகிற வழியில் ஏன் என்று தெரியாமல் பூசை அறையில் நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டேன். கதவைத் தள்ளினால், அத்தை ஒருக்களித்துப் படுத்திருந்தார். கம்பளி மேலே ஏறியது, இறங்கியது. கிறீச்சென்ற சத்தம் இல்லை. குழந்தைகள் தூங்குமே, அப்படி ஒரு மூச்சு. நான் நிலைப்படியில் உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

ஏதோ அசைவில் கண் விழித்தார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பதறிப்போய்க் கம்பளியை விலக்கினார். பிறகு என் கையில் இருந்த தாளைக் கண்டார்.

"ராகு கிலேர்?"

கடிகாரம் ஏழே முக்கால் காட்டியது. திங்கட்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. தாளைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ராகுவின் மேல் அன்பு வந்தது.

"இப்போதான் அத்தை ராகு. ஒன்பது மணி வரைக்கும் இருக்கு" என்றேன். "எதையும் தொடங்கக் கூடாது. எழுந்திருக்கிறதும் ஒரு தொடக்கம்தானே?"

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தால் இருமல் வருமே என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்போ சரி" என்றார். "முடிஞ்சதும் சொல்லு."